தம்பியிடம் இருந்த என் சிறுநீரகம்

என் தம்பி சேலையைப் பாதிதான் மடிக்கிறான் என்பதை முதலில் கவனித்தவர் அவனுடைய முதலாளி.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அன்று மதியம் அவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். நான் கேரி தீவில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். செம்பனை எண்ணெயில் மாதிரி எடுத்து, அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அளந்து பதிவதுதான் வேலை. வேலை நேரத்தில் நான் பேசமாட்டேன் என்பது பாய்க்குத் தெரியும். விடாமல் அழைத்ததால் எடுத்தேன்.

“தங்கச்சி, வீட்டுல ஏதும் சண்டையா?”

“இல்லையே பாய். ஏன்?”

“பட்டு ஒண்ண மடிக்கச் சொன்னேன். வலது பக்கம் அழகா மடிச்சிட்டான். இடது பக்கம் அப்படியே தரையில தொங்குது. ‘டேய், மிச்சத்த உன் மாமியாரா வந்து மடிப்பா?’ன்னு கேட்டா, ‘மடிச்சாச்சு பாய்’ங்கிறான். விளையாடல லா. நெஜமாவே மடிச்சாச்சுன்னு நெனைக்கிறான்.”

ஒரு சேலையை விரித்துக் காட்டி, வந்தவர் வேண்டாம் என்று முகம் சுளிப்பதற்குள் மடித்து அடுத்ததை விரிக்கும் கை அவனுடையது. அசதியாக இருக்கும் என்று பாயிடம் சொன்னேன். ஆனால் அன்று மாலை நாட்குறிப்பில் அதை எழுதும்போது ‘அசதி’ என்று எழுத மனம் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

அந்த வார இறுதியில் அவன் கடைக்குப் பக்கத்துத் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். நான் எதிரில் உட்கார்ந்து, ஆய்வகத்தில் குடுவையைப் பார்ப்பதுபோல, அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பாதியில் சோறும் குழம்பும் அப்பளமும் தீர்ந்துவிட்டன. இடது பாதியில் வைத்த பாகற்காய் வறுவல், கீரை, ஊறுகாய் எதையும் அவன் தொடவில்லை.

“அண்ணே, இன்னிக்குப் பாவக்கா இல்லையா?” என்று பரிமாறுகிறவரிடம் கேட்டான்.

“என்ன பாஸ், கண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா? இலையில மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு.”

தம்பி சிரித்தான். ஆனால் தேடவில்லை. நான் எட்டி அவன் இலையைத் திருப்பி வைத்தேன். இடது பாதி வலது பக்கம் வந்தது.

“ஆ, வந்துருச்சு,” என்று எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

நாங்கள் இருவர்தான் குடும்பம். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவனுடைய சிறுநீரகங்கள் இளவயதிலேயே கெட ஆரம்பித்து, முப்பதுகளில் முழுதாக நின்றுபோயின. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போய்வந்ததில் கல்யாணப் பேச்சுகளும் நின்றன. என் இரத்தம் பொருந்தியது. என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். அதைப் பெரிய காரியமாக நான் நினைத்ததில்லை. ஆய்வகத்தில் இரண்டு தராசு இருந்து, பக்கத்து ஆய்வகத்தில் ஒன்றும் இல்லையென்றால், ஒன்றைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அவனுக்கு அப்படி இல்லை. அறுவை முடிந்து எழுந்து உட்கார்ந்த அன்றே அதற்கு ‘மருமக’ என்று பேர் வைத்துவிட்டான். அக்காவின் வயிற்றிலிருந்து வந்தது அவனுக்கு வேறு என்ன உறவாகும்? தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், “மருமகளுக்குத் தாகமா இருக்கு,” என்பான். உப்புக் கருவாடு வைத்தால், “மருமக கோவிச்சுக்குவா,” என்று ஒதுக்குவான். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போடவேண்டிய மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. உடம்பு, புதிதாக வந்த சிறுநீரகத்தை அந்நியம் என்று தாக்காமல் இருக்கக் கொடுப்பது அது. ரிஜெக்‌ஷன் மருந்து என்பது எங்களுக்குள் வழங்கும் பெயர்.

பாய்க்கும் மாற்றுச் சிறுநீரகம்தான். கிளினிக் வரிசையில் பழகித்தான் தம்பிக்கு அந்த வேலை கிடைத்தது. அந்த வரிசையில் உட்காருகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ரிஜெக்‌ஷன் மருந்து தீர்ந்து, மருந்தகத்தில் சரக்கு வரத் தாமதமானால், இன்னொருவர் தன்னிடம் இருப்பதில் ஓர் அட்டை கொடுப்பார். அதைக் கைமாத்து என்பார்கள். வந்ததும் திருப்பிவிடுவார்கள். ஏன், எதற்கு என்று யாரும் துருவுவதில்லை. ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்கிற பயம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். நம் இடது பக்கத்தைக் கவனிக்கும் மூளையின் வலது பாதியில் மூன்று இடங்களில் வெள்ளை வளையங்கள் தெரிந்தன. கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று முதலில் அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை. மண்டையில் சிறிய துளையிட்டுத் துணுக்கு எடுத்தார்கள். முடிவைச் சொல்ல எங்கள் இருவரையும் சிறுநீரக மருத்துவர் அழைத்தார். என்னைவிட வயதில் இளையவர், தமிழ்ப் பெண், எங்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறவர். வழக்கமாகக் கணினித் திரையைப் பார்த்துப் பேசுவார். அன்று நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. அது ஒரு சாதாரண வைரஸ். பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்து, வந்ததே தெரியாமல் அடங்கிவிடும். அடங்கினாலும் உடம்பைவிட்டுப் போகாது. இரத்தத்தின் வெள்ளையணுக்களுக்குள் கிடக்கும். உடம்பின் காவல் திடமாக இருக்கும்வரை தலைதூக்காது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு அந்தக் காவலை நாமே மாத்திரை கொடுத்துத் தளர்த்தி வைக்கிறோம். தளர்ந்த இடத்தில் வைரஸ் எழுந்து, தான் குடியிருந்த அணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருக வைத்துவிட்டது. லிம்போமா என்கிற புற்றுநோய். சிலருக்குக் கழுத்தில் வரும், சிலருக்குக் குடலில். அரிதாகச் சிலருக்கு மூளையில்.

“ஊசி மருந்து ஏத்துவோம். ஆனா அதுக்கு முன்னால, ரிஜெக்‌ஷன் மருந்த குறைக்கணும். ஒரு மாத்திரைய நிறுத்தறோம், இன்னொண்ண பாதிக்கும் கீழ கொண்டு வர்றோம். உங்க உடம்பு முழிச்சாத்தான் அது சண்டை போடும்,” என்றார்.

“முழிச்சா கிட்னியையும் அடிக்குமே டாக்டர்,” என்றான் தம்பி.

“அடிக்கலாம்.”

“போயிருமா?”

“போகலாம். போனா டயாலிசிஸ் இருக்கு. மூளைக்கு அப்படி மெஷின் இல்ல அண்ணே.”

“வேற வழி சொல்லுங்க. இது அக்காவோடது.”

“அக்கா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

அவன் கேட்கவில்லை. அவனுக்கு இடது பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. நோயாலா, வேண்டுமென்றேவா என்று எனக்குத் தெரியவில்லை.

அவனை வார்டுக்கு அழைத்துப் போனபின் நான் மட்டும் திரும்பி வந்து மருத்துவரிடம் கேட்டேன். இத்தனை வயதில் இவனுக்கு இது எங்கிருந்து வந்தது? அவர் பழைய கோப்பைத் திறந்து பார்த்தார். மாற்று அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில், அந்த வைரஸ் எப்போதோ வந்துபோன தடயம் என் இரத்தத்தில் இருந்தது. அவன் இரத்தத்தில் இல்லை.

“அப்படின்னா என் கிட்னியோட போயிருக்கு.”

“போயிருக்கலாம். அப்புறமா வெளியில யாருகிட்டருந்தாவது வந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல இரத்தத்துல அது இருக்கும், எனக்கும் இருக்கும். நீங்க இத மனசுல போட்டுக்காதீங்க.”

மனதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆனால் தம்பியிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டியைப் புதிய அளவுப்படி நிரப்பினேன். முதல் நாள் காலையில் அவன் பெட்டியைத் திறந்து பார்த்து, “என்னக்கா இது, கோழிக்குப் போட்ட மாதிரி?” என்றான். போட்டுக்கொண்டான். ஒவ்வொரு வேளையும் நான் எதிரில் நின்று பார்த்தேன். தண்ணீரை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவான். நாக்கைத் தூக்கியும் காட்டுவான், என்னைக் கேலி செய்வதற்காக.

ஆனால் அவன் நிலை இறங்கிக்கொண்டே போனது. சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வெளியே கிளம்பினான். இடது தோள் எப்போதும் கதவு நிலையில் இடித்துக் கன்றியிருந்தது. ஒரு காலையில் குளியலறையில் விழுந்தான். தூக்கும்போது, “இது யாரு கால்?” என்று தன் இடது காலைக் காட்டிக் கேட்டான். நான் உன்னுடையது என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்து, பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல, மெல்லத் தலையாட்டினான்.

மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். இரத்தத்தில் ரிஜெக்‌ஷன் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், குறையவேயில்லை. மருத்துவர் அறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“அக்கா, பழைய அளவையேதான் கொடுத்துக்கிட்டு இருக்கீங்களா?”

வாழ்நாளெல்லாம் அளவு பார்த்துப் பிழைக்கும் என்னிடம் அந்தக் கேள்வி. கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. பம்பளிமாஸ் பழம் சாப்பிட்டானா என்றார், அது இரத்தத்தில் மருந்தைத் தேக்கிவிடுமாம். நாட்டு மருந்து, மூலிகைத் தேநீர்? எதுவும் இல்லை. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கேனில் நான்காவதாக ஒன்று தெரிந்தது. ஊசி மருந்து ஏற்றியும் இப்படி என்றால், காவல் இன்னும் விழிக்கவில்லை என்றுதான் பொருள் என்றார். இன்னும் சில வாரம் இப்படியே போனால், பேச்சும் விழுங்குவதும் போய்விடும் என்று தம்பியை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

தம்பியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அவன் விடுப்பு நீளும் என்பதைப் பாயிடம் நேரில் சொல்ல அன்றே பிரிக்பீல்ட்ஸ் போனேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஞாயிறுதோறும் முர்தபாக் ரொட்டி வாங்கிக்கொண்டு கிள்ளான்வரை வந்து அவனோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர். பண்டிகை நெருங்கும் நேரம், கடை முழுக்க விரித்த சேலைகள். என்னைப் பார்த்ததும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்தார்.

“வாம்மா. என்ன சொன்னாங்க? மருந்து தட்டுப்பாடு தீர்ந்துச்சா?”

“என்ன தட்டுப்பாடு பாய்?”

“ஆஸ்பத்திரியில சரக்கு இல்லன்னு பாதிதான் கொடுக்கிறாங்களாமே. தம்பி சொன்னான். அதான் வர்றப்பல்லாம் என்னோடதுல கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தேன். அப்புறம் கிளினிக்ல ரெண்டு பேருகிட்ட சொல்லி அவங்களும் கொடுத்தாங்க. நம்ம ஆளுங்கள நாமளே பார்த்துக்கலன்னா எப்படி?”

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

“என்னாச்சு தங்கச்சி?”

சொன்னேன். அவர் பின்னால் நகர்ந்து, மேடையில் விரித்துக் கிடந்த சேலைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கடைச் சரக்கின்மேல் யாரையும் கைகூட ஊன்ற விடாதவர்.

“அல்லாவே. உயிரு சமாச்சாரம்னு கேட்டான். கேட்டா எப்படிம்மா இல்லங்கிறது? நானே ஊட்டி விட்டுட்டேனேம்மா...”

அவரைத் தேற்ற எனக்கு நேரமில்லை. அடுத்த ரயிலில் கிள்ளான் திரும்பினேன்.

தம்பி படுக்கையில் சாய்ந்திருந்தான். நான் கையை நீட்டினேன்.

“எடு.”

“எத?”

“பாய் கொடுத்தத.”

“பாய் பாவம், அவருக்குத் தெரியாது,” என்றான்.

“உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமாடா? தலைக்குள்ள வளருது.”

“தலை என்னோடது. இது உன்னோடது.” அடிவயிற்றின் வலது பக்கத்தில், தையல் தழும்புக்கு மேலே கையை வைத்துக்கொண்டான்.

“உன்னையே தூக்கிக் கொடுத்துட்டு அத வச்சு நான் என்ன, ஊறுகா போடவா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மருமகள ஊறுகா போடுறேங்கிற. நல்ல தாய்.” சிரித்துக்கொண்டே அழுதான். வலது கண்ணைத்தான் துடைத்தான். இடது கண்ணில் வழிந்தது வழிந்தபடி இருந்தது. “அக்கா, டயாலிசிஸுக்குக்கூடப் போயிருவேன். ஆனா என் கையால அத சாகடிக்கச் சொல்லாத. உன்ன அறுத்த அன்னிக்கு நான் பார்த்தேன். தள்ளிக்கிட்டுப் போறப்ப நீ எனக்கு டாட்டா காட்டின. என்னால முடியாது லா.”

நான் அவனிடம் கெஞ்சினேன். திட்டினேன். பேச்சும் விழுங்குவதும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. அந்தக் கை அங்கே இருக்கும்வரை அவன் பிழைக்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒளித்து வைத்ததை நான் பிடுங்கலாம். பாயை நிறுத்தலாம். அந்த வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவரிடமாவது கேட்டு வாங்கிவிடுவான்.

“இந்த வியாதி உனக்கு எங்கருந்து வந்துச்சு தெரியுமா?” என்றேன்.

“எங்கருந்து?”

“என் கிட்னியிலருந்து. என் இரத்தத்துல அந்த வைரஸ் இருந்துச்சு. உன்கிட்ட இல்ல. அது உள்ளாற ஒளிஞ்சு வந்திருக்கு. நீ தலையில தூக்கி வச்சு ஆடறது கெட்டுப்போன சாமான்டா. நான் கொடுத்ததே கெட்டுப்போன சாமான்.”

“டாக்டர் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“ஷுவரா?”

“ஷுவரா.”

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஒரு மாதிரி சந்தேகமாக இருந்தால், மறுபடி அளக்காமல் நான் எண் போட்டதே கிடையாது. அன்று போட்டேன்.

அவன் வயிற்றைப் பார்த்தான். கை மெதுவாக நழுவிப் படுக்கையில் விழுந்தது. பிறகு அதே கையைத் தலையணை உறைக்குள் விட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டான். வேறு வேறு தேதியிட்ட, வேறு வேறு ஆட்களின் மருந்துகள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டுதான் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் அவன் அதை மருமக என்று சொல்லவில்லை. சனியன் என்றான். “இந்தச் சனியன் எப்பக்கா போய்த் தொலையும்?” என்று கேட்பான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “போயிரும்டா,” என்பேன்.

மழைக்காலம் தொடங்கியபோது போனது. இரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏறியது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, சிறுநீர் குறைந்து ஒரு நாள் நின்றது. எண் ஏற ஏற நான் நிம்மதிப்பட வேண்டும், காவல் விழித்துக்கொண்டது என்று. முகத்தை அப்படித்தான் வைத்துக்கொண்டேன். குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, என் இடுப்பில் தழும்பு இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரியும். இருந்தும் வலித்தது.

அடுத்த ஸ்கேனில் இரண்டு வளையங்கள் சுருங்கியிருந்தன. ஒன்று மறைந்திருந்தது. ஆழத்தில் இருக்கும் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. அது என்ன செய்யும் என்று கேட்டால் மருத்துவர், “பார்க்கணும்,” என்கிறார். வேறு எதுவும் சொல்வதில்லை. இப்போது அவன் சட்டையில் இரண்டு கையையும் நுழைக்கிறான். தன் காலைத் தன் கால் என்கிறான். கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் மையத்தில் இடம் கிடைத்தது.

ஒரு காலையில் அங்கே போய், நாற்காலியில் சாய மாட்டேன் என்று நின்றான். தாதியர் கெஞ்சினார்கள். நான் கேட்டேன்.

“உன்கிட்ட இன்னொண்ணு இருக்கே,” என்றான். “அதுவும் அதே வயித்துல இருந்ததுதானே. அது மட்டும் நல்லதா? நீ செக் பண்ணியா?”

“எனக்கு ஒண்ணும் இல்லடா.”

“எனக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் இருந்தேன். நீ போயி டெஸ்ட் எடு. அப்பத்தான் நான் உக்காருவேன்.”

அங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்தச் சிறுநீரகத்தில் குறை இருந்ததாக யாரும் கண்டுபிடிக்கவில்லை, கடைசிவரை அது உனக்கு உழைத்தது என்று சொல்லலாம். சொன்னால், நல்லதைத் தன் கையால் கொன்றதாக அவன் நினைப்பான். ஆழத்தில் இருக்கும் அந்த ஒன்று சுருங்குமா என்று தெரியாதபோது, அந்தப் பாரத்தையும் அவன் தலைக்குள் ஏற்ற என்னால் முடியாது. சரி, நாளைக்கே எடுக்கிறேன் என்றேன். பிறகுதான் சாய்ந்தான்.

மறுநாள் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். நம்பிக்கை இல்லாமல் அவனும் கூட வந்தான். எதற்குப் பரிசோதனை என்று தாதி கேட்டாள். சும்மா என்றேன். கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை எடுத்தாள். தம்பி எனக்கும் அவளுக்கும் நடுவில் குனிந்தான்.

“மிஸ்ஸி, பார்த்து, மெதுவா எடுங்க,” என்றான். “அவங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி குத்தட்டும் என்று நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.